ஞானப்பல்லும் மரப்பு ஊசியும்: மருத்துவரிடம் மறைக்கக் கூடாதவை



தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பர் நம் முன்னோர். பல்வலியையும் அதனோடு சேர்த்துக் கொள்ளலாம். அதிலும் ஞானப்பல் வலி என்றால் கன்னம் வீங்கி, வாய் திறவாமல், ஒரு வாய்க் கஞ்சி அருந்தவும் இயலாத நிலை வந்துவிடும். எனினும், நம் குடும்பங்களில் பலர் மாதக்கணக்கில் இலவங்கத்தைக் கடித்துக்கொண்டும், மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டும் காலம் கடத்துகின்றனர். காரணம் என்னவென்று வினவினால், பல்லைப் பிடுங்குவதைக் காட்டிலும் அதற்கு முன் போடப்படும் ஊசியைக் குறித்த அச்சமே என்று தெரிய வருகிறது.

“எந்த ஊசி நல்லது? இதயத்துக்குக் கெடுதல் இல்லாத ஊசி எது? கருவுற்றவள் போட்டுக் கொள்ளலாமா? நோன்பு முறியுமா? அதில் ஹராமான பொருள் ஏதும் கலந்திருக்குமா?” இவையே நம் வீடுகளில் எழும் வினாக்கள். இவற்றுக்கு விடை காண்பதே இம்மாதக் கட்டுரையின் நோக்கம். தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுதல் நலம். எல்லார்க்கும் ஏற்ற ஒரே ஊசி என்று ஒன்று இல்லை. ஊசி மருந்தைத் தேர்ந்தெடுப்பவர் மருத்துவர். ஆனால் அத்தேர்வு சரியாக அமைவதற்கு வேண்டிய செய்திகள் அவரிடம் இல்லை, நம்மிடமே உள்ளன. அவற்றை நாம் மறைத்தால், கைதேர்ந்த மருத்துவரும் கண் கட்டப்பட்டவர் போலாகிவிடுவார்.

ஞானப்பல் என்பது யாது?

வாயின் கடைக்கோடியில், மேலும் கீழும் இருபுறமும் ஒவ்வொன்றாக முளைக்கும் மூன்றாம் கடைவாய்ப்பற்களே ஞானப்பற்கள். பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடைப்பட்ட பருவத்தில், அறிவு முதிரும் காலத்தில் முளைப்பதால் இப்பெயர் பெற்றன. சிலருக்கு நான்கும் முளைப்பதுண்டு. சிலருக்கு ஒன்றுமே முளைப்பதில்லை. தாடையில் போதிய இடம் இல்லாதபோது பல் சாய்ந்தும், படுத்தும், ஈறுக்குள்ளும் எலும்புக்குள்ளும் புதைந்தும் கிடக்கும். பாதி முளைத்த பல்லின் மேல் மூடியிருக்கும் ஈறுக்கு அடியில் உணவுத் துணுக்குகள் தங்கிச் சீழ் பிடிக்கும். அருகிலுள்ள நல்ல பல்லும் சொத்தையாகும். தொல்லை தராத ஞானப்பல்லைப் பிடுங்க வேண்டிய கட்டாயம் இல்லை. தொல்லை தருவதை நாள் கடத்துவதும் அறிவுடைமை அன்று.

மயக்கம் வேறு, மரப்பு வேறு

பல் மருத்துவர் போடும் ஊசியை நம் மக்கள் “மயக்க ஊசி” என்றே வழங்குகின்றனர். அச்சத்தில் பாதி இச்சொல்லினால் விளைந்ததே. மயக்க மருந்து என்பது நினைவையே அகற்றி உறங்க வைப்பது. அதற்கு மயக்க மருத்துவ வல்லுநர் உடனிருக்க வேண்டும். பல மணி நேரம் வெறும் வயிற்றுடன் இருக்க வேண்டும். மிக ஆழத்தில் புதைந்த பற்களுக்கும், நான்கையும் ஒருசேர எடுப்பதற்கும், அச்சம் மிகுந்தவர்களுக்கும் சில வேளைகளில் அது தேவைப்படலாம்.

சாதாரணமாக ஞானப்பல் எடுக்கப் போடப்படுவது மரப்பு ஊசியே. அது நினைவைத் தொடுவதில்லை. வலி என்னும் செய்தியை மூளைக்குக் கொண்டு செல்லும் நரம்பினை, மருந்து பட்ட இடத்தில் மட்டும் சிறிது நேரம் ஊமையாக்கி வைக்கிறது. மருத்துவர் பேசுவது கேட்கும். பல்லை அசைக்கும்போது அழுத்தம் தெரியும். வலி மட்டும் தெரியாது. அழுத்தத்தை வலி என்று எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. மரப்பு ஊசி மட்டும் போடுவதாயின் பட்டினி கிடக்கவும் தேவையில்லை. சொல்லப்போனால், வெறும் வயிற்றோடு செல்பவர்களே நாற்காலியில் மயங்கிச் சாய்வர். எளிய உணவு உண்டு செல்வதே நன்று.

கீழ்த்தாடை ஞானப்பல்லுக்கு, தாடையின் உட்புறத்தில் நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்தருகே ஊசி போடுவர். நாவின் நரம்பும் அங்கே அண்மையில் செல்வதால் பாதி உதடும் பாதி நாவும் தடித்தாற்போல் தோன்றும். கண்ணாடியில் பார்த்தால் வீக்கம் ஏதும் இராது. மேல்தாடையில் எலும்பு மென்மையானதாதலால், பல்லின் அருகே ஈறில் போடும் ஊசியே பெரும்பாலும் போதுமானது.

இம்மருந்துகள் வந்த வழி

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இவ்வசதி உலகில் எவருக்கும் இல்லை. 1884இல் வியன்னா நகரில் கார்ல் கோலர் என்னும் மருத்துவர், கோக்கா இலையிலிருந்து பெறப்படும் கோக்கெயினைக் கண்ணில் இட்டு வலியின்றி அறுவை செய்யலாம் எனக் காட்டினார். அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்பாரும் அவர்தம் தோழர்களும் அதனைத் தாடை நரம்பில் செலுத்திப் பார்த்தனர். பயன் கிட்டியது. ஆனால் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்த ஹால்ஸ்டெட் அப்போதைப் பொருளுக்கு அடிமையானார்.

இத்தீங்கில்லாத மருந்தைத் தேடிய முயற்சியில், ஜெர்மனியின் ஆல்பிரெட் ஐன்ஹார்ன் ஆக்கிய நோவோகெயின் 1905இல் புழக்கத்திற்கு வந்தது. அதுவும் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கிற்று. பின்னர் 1943இல் சுவீடன் நாட்டின் நில்ஸ் லோஃப்கிரென் லிக்னோகெயினை உருவாக்கினார். அவருடன் பணியாற்றிய பெங்ட் லுண்ட்குவிஸ்ட் அதனைத் தம் உடம்பிலேயே செலுத்திச் சோதித்தார். 1948இல் விற்பனைக்கு வந்த அம்மருந்தே இன்றளவும் உலகெங்கும் பல் மருத்துவரின் முதற்கருவியாக விளங்குகிறது. நம்மூர்களில் “சைலோகெயின்” என்று பலரும் சொல்வது இதன் வணிகப் பெயர்களுள் ஒன்றேயாகும்.

இன்று கிடைக்கும் மருந்துகள்

லிக்னோகெயின்: நூற்றுக்கு 2 பங்கு வலிமையில், சிறிது அட்ரினலின் கலந்து வருவது. சில நிமிடங்களில் மரக்கச் செய்யும். பல்லில் ஏறத்தாழ ஒரு மணி நேரமும், உதட்டிலும் கன்னத்திலும் மூன்று முதல் ஐந்து மணி நேரமும் மரப்பு நிற்கும். நீண்ட காலப் பழக்கம் உள்ள மருந்தாதலால் இதன் நன்மை தீமைகள் யாவும் தெளிவாக அறியப்பட்டவை.

ஆர்ட்டிகெயின்: 1976இல் ஜெர்மனியில் புழக்கத்திற்கு வந்தது, அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்றது. நூற்றுக்கு 4 பங்கு வலிமை உடையது. எலும்பினூடே நன்கு ஊடுருவுவதால் ஈறில் போடும் ஊசியில் லிக்னோகெயினைவிடச் சிறப்பாக வேலை செய்கிறது. இரத்தத்திலேயே பெரும்பகுதி சிதைந்து விரைவில் உடலைவிட்டு நீங்குவது இதன் மற்றொரு சிறப்பு. ஆனால் தாடை நரம்பின் அருகே செலுத்தும்போது, நாவிலோ உதட்டிலோ நீண்ட நாள் மரப்பு நீடிக்கும் வாய்ப்பு வலிமை மிகுந்த மருந்துகளுக்குச் சற்றுக் கூடுதலோ என்னும் ஐயம் மருத்துவர்களிடையே உண்டு. இதில் கருத்து வேறுபாடும் உண்டு. ஆகவே பலர் தாடை நரம்புக்கு லிக்னோகெயினும், ஈறுக்கு ஆர்ட்டிகெயினும் எனப் பிரித்துப் பயன்படுத்துகின்றனர்.

மெபிவகெயின்: அட்ரினலின் இன்றியே ஓரளவு நேரம் மரக்கச் செய்வது. அட்ரினலின் ஒவ்வாத நிலையில் உள்ளவர்க்கு உதவும். ஆயின் பல்லில் இதன் மரப்பு இருபது முதல் நாற்பது நிமிடங்களே நிற்குமாதலால் நீண்ட அறுவைக்குப் போதாது.

புப்பிவகெயின்: மெதுவாக வேலை தொடங்கி, உதட்டில் எட்டு மணி நேரமும் அதற்கு மேலும் நிற்பது. புதைந்த பல்லை எலும்பு அகற்றி எடுத்த பின் வரும் முதல் நாள் வலியைத் தணிக்கச் சில மருத்துவர் இதனைத் தேர்வர்.

பிரிலோகெயின்: சில நாடுகளில் மிகுதியாக வழங்குவது. அளவு மிஞ்சினால் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றல் குறையலாம். இரத்தம் தொடர்பான சில குறைபாடுகள் உள்ளவர்க்கு இது தவிர்க்கப்படும். இதனுடன் சேர்க்கப்படும் பெலிப்பிரசின் கருப்பையைச் சுருங்கச் செய்யக் கூடும் என்பதால் கர்ப்பிணிகளுக்கும் அக்கலவையைத் தவிர்ப்பர்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். அட்ரினலின் கலந்த லிக்னோகெயினுக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 7 மில்லிகிராம் என்பது பெரும எல்லை. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 350 மில்லிகிராம். 1.8 மில்லி லிட்டர் கொள்ளும் சிறு கண்ணாடிக் குழல் ஒன்றில் 36 மில்லிகிராம் லிக்னோகெயின் இருக்கும். ஏறக்குறைய ஒன்பது குழல்கள் வரை எல்லை செல்லும். ஆர்ட்டிகெயினுக்கும் கிலோவுக்கு 7 மில்லிகிராமே எல்லை. ஆனால் அதன் குழல் ஒன்றில் 72 மில்லிகிராம் இருப்பதால், அதே மனிதருக்கு நான்கு குழல்களோடு நிறுத்த வேண்டும். ஒரு பல்லுக்கு வழக்கமாக ஒன்றிரண்டு குழல்களே செலவாகும் என்பதால் அஞ்சத் தேவையில்லை. எனினும், மெலிந்த உடலினரும் முதியோரும் கல்லீரல் நோயுடையோரும் ஒரே அமர்வில் பல பற்களை எடுக்குமாறு மருத்துவரை வற்புறுத்தலாகாது. செலவையும் பயணத்தையும் மிச்சப்படுத்த எண்ணி, “எல்லாவற்றையும் இன்றே எடுத்துவிடுங்கள்” என்று கேட்பது நம் வழக்கம். அவ்வழக்கம் இங்கே பொருந்தாது.

அட்ரினலின்: நண்பனா, பகைவனா?

மரப்பு மருந்தோடு சேர்க்கப்படும் அட்ரினலின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அதனால் மருந்து இரத்தத்தோடு அடித்துச் செல்லப்படாமல் போட்ட இடத்தில் நெடுநேரம் நிற்கிறது; இரத்தக் கசிவும் குறைகிறது. அட்ரினலின் நம் உடலிலேயே சுரக்கும் பொருளும் ஆகும். அஞ்சும்போது நெஞ்சு படபடப்பதும் கை நடுங்குவதும் அதன் வேலையே.

எம் மதரஸாவில் ஓதும் மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு ஞானப்பல் எடுக்கச் சென்றார். ஊசி போட்ட ஓரிரு நிமிடத்தில் நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, வியர்த்துவிட்டது. ஐந்தாறு நிமிடங்களில் தானே அடங்கியும் விட்டது. அவரோ எழுந்து வந்துவிட்டார். “எனக்கு மரப்பு ஊசி ஒவ்வாது” என்று அன்று முதல் எல்லாரிடமும் சொல்லத் தொடங்கினார். அவர்தம் உம்மாவும் அதை உறவினர் அனைவர்க்கும் அறிவித்துவிட்டார். மூன்று மாதங்கள் வலியோடு கழிந்தன. பின்னர் வேறொரு மருத்துவர் பொறுமையாக விசாரித்தார். உடலில் தடிப்பு எழுந்ததா, முகம் வீங்கியதா, மூச்சுத் திணறிற்றா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மூன்றும் இல்லை. “இது ஒவ்வாமை அன்று, அட்ரினலினும் அச்சமும் சேர்ந்து செய்த வேலை” என்று விளக்கி, சாய்வாகப் படுக்க வைத்து, மெல்ல மெல்ல மருந்தைச் செலுத்தினார். பல் எடுக்கப்பட்டது. மாணவர் இப்போது நலமாக ஓதி வருகிறார்.

இதில் நாம் அறிய வேண்டியது யாதெனில், லிக்னோகெயின் வகை மருந்துகளுக்கு உண்மையான ஒவ்வாமை மிகமிக அரிது. பெரிய குப்பிகளில் கெடாமலிருக்கச் சேர்க்கப்படும் பாராபென் என்னும் பொருளோ, அட்ரினலினைக் காக்கச் சேர்க்கப்படும் சல்பைட் என்னும் உப்போ சிலருக்கு ஒவ்வாமல் போகலாம். அத்தகையோர்க்கு அப்பொருள் இல்லாத மருந்து உண்டு. ஆகவே “ஊசி ஒவ்வாது” என்று பொதுவாகச் சொல்லிவிடாமல், அன்று என்ன நேர்ந்தது என்பதனை உள்ளது உள்ளவாறு சொல்ல வேண்டும். ஐயம் இருப்பின் ஒவ்வாமை வல்லுநரிடம் சோதித்து எழுத்தில் பெற்றுக் கொள்ளலாம்.

இதய நோயாளிகள் அட்ரினலினைக் கண்டு அஞ்சுவது இயல்பு. அவர்களுக்கு ஓர் அமர்வில் 0.04 மில்லிகிராமுக்கு மேற்படாமல் பார்த்துக் கொள்வது நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் நெறி. ஒரு இலட்சத்துக்கு ஒரு பங்கு அட்ரினலின் உள்ள குழல் ஒன்றில் 0.018 மில்லிகிராமே இருக்கும். அதாவது இரு குழல்கள் வரை செல்லலாம். “அட்ரினலினே வேண்டாம்” என்று பிடிவாதம் செய்வதும் தவறாக முடியக் கூடும். மரப்பு பாதியில் தெளிந்து வலி எடுத்தால், அந்த வலியினாலேயே உடல் தானாகச் சுரக்கும் அட்ரினலின் ஊசியில் உள்ளதைவிட மிகுதியாகிவிடும். முடிவை மருத்துவரிடமே விட்டுவிடுங்கள். ஆனால் முடிவெடுக்க வேண்டிய செய்தியை அவரிடம் கொடுத்துவிட்டு, அதன்பின் விடுங்கள்.

சொல்ல வேண்டியவை எவை?

இனி இக்கட்டுரையின் உயிர்நாடிக்கு வருவோம். ஊசி போடுமுன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியவை இவை.

முதலாவது, இதய நோய், அண்மையில் வந்த மாரடைப்பு, இரத்த அழுத்தம், கட்டுக்குள் வராத தைராய்டு மிகுதி, நீரிழிவு, ஆஸ்துமா, கல்லீரல் நோய், வலிப்பு ஆகியவை. மாரடைப்பு வந்து சில மாதங்களே ஆகியிருப்பின் அவசரமில்லாத பல் அறுவையைத் தள்ளி வைப்பர்.

இரண்டாவது, உண்டு வரும் மருந்துகள் அனைத்தும். ஒற்றைத் தலைவலிக்கென்றோ படபடப்புக்கென்றோ பிராப்ரனலால் மாத்திரை உண்போர் நம்மிடையே பலர். “தலைவலி மாத்திரைக்கும் பல்லுக்கும் என்ன தொடர்பு?” என்று எண்ணிச் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். அம்மாத்திரையோடு அட்ரினலின் மிகுதியாகச் சேர்ந்தால் இரத்த அழுத்தம் திடீரென ஏறலாம். மனச்சோர்வுக்கு உண்ணும் சில மாத்திரைகளும் அட்ரினலினின் வேகத்தைக் கூட்டும். மனநல மருந்து உண்பதை வெளியே சொல்ல நம் சமூகம் நாணுகிறது. நோய்க்கு மருந்து உண்பதில் நாணம் எதற்கு? இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் ஆஸ்பிரின் முதலியவற்றையும் சொல்ல வேண்டும். ஆனால் இதய மருத்துவரைக் கேளாமல் அவற்றைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

மூன்றாவது, கருவுற்றிருப்பது. இதில்தான் நம் சகோதரிகள் மிகவும் தயங்குகின்றனர். பல் மருத்துவமனைக்கு மாமனாரோ கொழுந்தனோ அழைத்துச் செல்வார். மருத்துவர் ஆணாக இருப்பார். நாள் தள்ளிப் போயிருப்பதை வீட்டில் கணவரிடம் மட்டுமே சொல்லியிருப்பாள். அவ்விடத்தில் வாய் திறப்பதெப்படி? “வேறு ஏதேனும் உண்டா?” என்று மருத்துவர் கேட்கும்போது தலையை அசைத்து “இல்லை” என்றுவிடுவாள். நாணம் நல்ல பண்பே. அதன் பெயரால் ஓர் உயிரையும் உடலையும் இடருக்குள்ளாக்குதல் முறையன்று. இதற்கு எளிய வழி உண்டு. ஒரு சிறு தாளில் எழுதி மருத்துவரிடமோ உடனிருக்கும் செவிலியிடமோ கொடுத்துவிடலாம். உடன் செல்லும் ஆண்களும், “நாங்கள் வெளியே இருக்கிறோம், நீ மருத்துவரிடம் பேசிக்கொள்” என்று சற்று விலகி நின்று உதவலாம். செவிலி உடனிருக்க வேண்டுமென்று கேட்டுப் பெறும் உரிமையும் பெண்களுக்கு உண்டு.

கருவுற்ற காலத்தில் மரப்பு ஊசியே கூடாதென்பது சரியன்று. லிக்னோகெயின் அக்காலத்திலும் ஏற்றதென்று கருதப்படும் மருந்தே. தள்ளி வைக்கக் கூடிய அறுவையைப் பேறு காலத்திற்குப் பின் வைத்துக் கொள்வர். தள்ள இயலாததை நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரையிலான காலத்தில் செய்வது வசதி. சீழ் பிடித்த பல்லைக் கருவின் பெயரால் அப்படியே விட்டு வைப்பது தாய்க்கும் சேய்க்கும் நல்லதன்று. பாலூட்டும் தாய்மார் லிக்னோகெயின் ஊசிக்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை.

நான்காவது, முன்பு ஊசி போட்டபோது நேர்ந்தவை: மயக்கம், படபடப்பு, தடிப்பு, மரப்புப் பிடியாமை ஆகிய எதுவாயினும்.

“எனக்கு ஊசி பிடிக்கவில்லை”

சிலர் ஊசி போட்ட பின்னும் வலி தெரிந்ததாகக் கூறுவர். அது பொய்யன்று. சீழும் வீக்கமும் உள்ள இடத்தில் அமிலத் தன்மை மிகும். அமிலத்தில் மருந்து நரம்புக்குள் எளிதில் புகுவதில்லை. இதனாலேயே வீக்கம் மிகுந்த நிலையில் மருத்துவர் முதலில் சீழை அகற்றியோ, மருந்து கொடுத்துத் தணித்தோ, சில நாள் கழித்துப் பல்லை எடுக்கிறார். “வந்த அன்றே எடுக்காமல் அலைக்கழிக்கிறார்” என்று அவரைக் குறை கூறுவது பொருந்தாது. தாடை நரம்பின் அமைப்பு ஆளுக்கு ஆள் சிறிது மாறுவதும் உண்டு. ஆதலால் வலி தெரிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காமல் உடனே கையை உயர்த்துங்கள். இன்னும் சிறிது மருந்து, வேறோர் இடத்தில் ஊசி, வேறு மருந்து என மருத்துவரிடம் வழிகள் பல உள. அதே வேளையில், உதட்டைச் சுற்றி விறுவிறுப்பு, காதில் இரைச்சல், நாவில் உலோகச் சுவை, தலைச்சுற்றல் தோன்றினாலும் தயங்காமல் சொல்லுங்கள். மருந்து இரத்தத்தில் மிகுந்ததற்கு அவை அடையாளமாக இருக்கலாம்.

நோன்பும் ஹலாலும்

நோன்பு வைத்த நிலையில் மரப்பு ஊசி போடலாமா? ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை, 1997இல் நடந்த தனது 10ஆம் அமர்வில் இதனை ஆராய்ந்தது. ஊட்டச் சத்தாகச் செலுத்தப்படாத மருந்தூசிகளும், தொண்டைக்குள் எதுவும் இறங்காமல் பார்த்துக் கொள்ளும் பட்சத்தில் பல்லைப் பிடுங்குதல், குடைந்து அடைத்தல் ஆகியனவும் நோன்பை முறிப்பதில்லை என்று முடிவு செய்தது. எனினும் ஞானப்பல் எடுத்தால் இரத்தக் கசிவு சில மணி நேரம் இருக்கும். அதனை விழுங்காமல் காப்பது கடினம். வலி மாத்திரையும் தேவைப்படும். ஆகவே நோன்பு துறந்த பின் இரவில் செய்து கொள்வதோ, ரமலானுக்கு முன்னரோ பின்னரோ வைத்துக் கொள்வதோ சிறந்தது. தாங்க முடியாத வலி என்றால், நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகை இருக்கவே இருக்கிறது. ஐயமிருப்பின் தத்தம் ஊர் ஆலிம்களை அணுகித் தெளிவு பெறுக.

மருந்தில் ஹராமான பொருள் உண்டா என்னும் வினாவுக்கும் விடை எளிது. லிக்னோகெயின், ஆர்ட்டிகெயின் முதலியன ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்படும் வேதிப்பொருள்கள். மதுவோ விலங்குப் பொருளோ அன்று. 1901ஆம் ஆண்டு வாக்கில் அட்ரினலின் விலங்குகளின் சுரப்பியிலிருந்து பிரிக்கப்பட்டது உண்மையே. 1904இலேயே அதனைச் செயற்கையாக ஆக்கும் வழி கண்டறியப்பட்டது. இன்று ஊசியில் உள்ளது அவ்வாறு ஆக்கப்பட்டதே. கவனிக்க வேண்டியது வேறொன்று உண்டு. பல் எடுத்த குழியில் இரத்தம் நிற்பதற்காகச் சில வேளைகளில் ஜெலட்டின் பஞ்சு வைப்பர். அவற்றுள் சில பன்றியிலிருந்து பெறப்பட்டவை. “வேறு வகை உண்டா?” என்று முன்கூட்டியே பணிவாகக் கேட்டால், தாவரப் பொருளில் ஆன மாற்று இருப்பின் மருத்துவர் அதனைப் பயன்படுத்துவார். பெரும்பாலானவர்க்குப் பஞ்சுத் துணியைக் கடித்துக் கொள்வதே போதுமாதலால் இவ்வினா எழாமலும் போகலாம்.

வீடு திரும்பிய பின்

மரப்பு தெளியும் வரை மென்று உண்ணலாகாது. உதட்டையும் நாவையும் அறியாமல் கடித்துப் புண்ணாக்கிக் கொள்ள நேரும். சூடும் தெரியாதாகையால் கொதிக்கும் தேநீரும் கூடாது. பஞ்சுத் துணியை அரை மணி நேரம் அழுத்திக் கடித்திருத்தல் வேண்டும். அன்று முழுதும் வாய் கொப்பளிப்பதும், ஓயாமல் துப்புவதும், உறிஞ்சு குழலில் பருகுவதும், புகைப்பதும் ஆகா. குழியில் உறைந்த இரத்தக் கட்டி பெயர்ந்துவிடும். உளூச் செய்யும்போதும் நீரை வாயில் வேகமாகச் சுழற்றாமல் மெல்ல ஏந்தி, மெல்லவே வெளியேற விடுக. மிஸ்வாக்கையும் அப்பக்கத்தில் சில நாள் தவிர்க்கலாம். மரப்பு தெளிவதற்குச் சற்று முன்பாகவே மருத்துவர் கொடுத்த வலி மாத்திரையை உண்டால் வலி முற்றுமுன் தணியும். மூன்றாம் நான்காம் நாளில் வலி குறையாமல் கூடினாலும், மறுநாளும் உதட்டிலோ நாவிலோ உணர்வு திரும்பாவிட்டாலும் மருத்துவரிடம் தெரிவித்துவிட வேண்டும். உணர்வு தாமதித்தாலும் பெரும்பாலோர்க்கு நாளடைவில் திரும்பிவிடும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். இன்றே ஒரு தாளை எடுத்து, வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயர், வயது, எடை, உள்ள நோய், உண்ணும் மருந்து, ஒவ்வாதவை ஆகியவற்றை எழுதி, மருத்துவச் சீட்டுகளோடு வைத்துக் கொள்ளுங்கள். பல் மருத்துவரிடம் செல்லும்போது அத்தாளை முதலில் நீட்டுங்கள். “எந்த ஊசி நல்லது?” என்னும் கேள்விக்கு நம்மால் தரக்கூடிய சரியான விடை அந்தத் தாளிலேயே இருக்கிறது.

வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் நிறைந்த உடல்நலத்தை நல்குவானாக!